வண்டிச் சத்தம் தனி

சனிக்கிழமை காலை ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தபோது செல்போன் சிணுங்கியது. மறுநாள் டாலஸ் விமானத்துக்கு செக்-இன் தொடங்கிவிட்டதாம். கூடக் கொஞ்சம் காசு கட்டினால் ஜன்னலோரம் கிடைக்குமாம். அந்த டாலஸ் வேலை போய் நாலு நாள் ஆகியிருந்தது. விமானக் கம்பெனிக்கு அது எப்படித் தெரியும்? நான் வாங்கி வைத்திருந்த ஆறு போகவர டிக்கெட்டில் அது மூன்றாவது. இருப்பதிலேயே மலிவான ரகம், ரத்து செய்தாலும் காலணா திரும்பாது. அதன் பிறகும் பதினைந்து நாளைக்கு ஒருமுறை, சொல்லிவைத்த மாதிரி சனிக்கிழமை காலையில், அதே சிணுங்கல் இன்னும் மூன்று தடவை வந்தது.

நான் 1999இல் எச்-1பி விசாவில் அமெரிக்கா வந்தவள். சன்னிவேலில் எல் கமினோ ரியலுக்கு ரெண்டு தெரு உள்ளே வீடு. பழைய கம்ப்யூட்டரில் கிடக்கும் கணக்குவழக்கைச் சேதாரம் இல்லாமல் புது மென்பொருளுக்கு மாற்றிக் கொடுப்பது என் தொழில். வீடு மாற்றும்போது பீங்கானை வைக்கோல் சுற்றி எடுத்துப் போவார்களே, அந்த மாதிரி வேலை. கிரீன் கார்டு வந்த பிறகு மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு, சொந்தமாக ஒரு எல்எல்சி பதிந்துகொண்டு, ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் போய்வருகிறேன். என் கம்பெனியில் முதலாளி, ஊழியர், கணக்குப்பிள்ளை, டீ போடுகிறவர் எல்லாம் நான்தான்.

டாலஸ் பக்கம் பிளேனோவில் ஒரு பெரிய கம்பெனி. அதற்குக் கீழே, ஆள் அனுப்பும் ஒரு பெரிய வெண்டர். அவருக்குக் கீழே நியூ ஜெர்சியில் ஒரு சின்ன வெண்டர். அவருக்குக் கீழே நான். பன்னிரண்டு வாரம், மணிக்கு 95 டாலர், ‘ஆல் இன்க்ளூசிவ்’. கேட்க இனிமையான வார்த்தை, ஹோட்டல் பஃபே மாதிரி. டிக்கெட், வீட்டு வாடகை, கார், சாப்பாடு எல்லாம் அந்த 95க்குள் அடக்கம் என்று அர்த்தம். நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஆறு டிக்கெட், ஒன்று 290 வீதம் 1,740. சின்ன ஃபர்னிஷ்டு அபார்ட்மென்ட் மாதம் 1,600 வீதம் மூன்று மாதத்துக்கு 4,800. கார் வாரம் 155 வீதம் 1,860. சாப்பாட்டைச் சேர்க்கவில்லை, வீட்டில் இருந்தாலும் சாப்பிடத்தானே போகிறேன். ஆகமொத்தம் 8,400. பன்னிரண்டு வாரத்துக்கு 480 மணி நேரம். வகுத்தால் மணிக்குப் பதினேழரை டாலர் பயணத்துக்குப் போகும், மிச்சம் எழுபத்தேழரை என் கூலி. சரி என்று கையெழுத்துப் போட்டேன்.

இந்தக் கணக்கில் பிழை இல்லை. ஆனால் பன்னிரண்டு வாரமும் வேலை இருந்தால்தான் இது கணக்கு. பயணச் செலவில் கணிசமான பங்கு முதல் வாரத்திலேயே கையை விட்டுப் போய்விடுகிறது. திரும்பி வருவதோ மணிக்குப் பதினேழரை என்று சொட்டுச் சொட்டாக. பதினேழாவது வேலை நாள், செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு, நியூ ஜெர்சித் தம்பி போன் செய்தார்.

“அக்கா, ஒரு சின்ன அப்டேட்.”

இருபத்தைந்து வருஷ அனுபவத்தில் சொல்கிறேன், இந்த ஊரில் சின்ன அப்டேட் என்று எதுவும் கிடையாது. கிளையண்ட் பட்ஜெட்டை நிறுத்திவிட்டார்களாம். என் வேலையில் குறை எதுவும் இல்லையாம், ரொம்பத் திருப்தியாம். நாளையிலிருந்து வர வேண்டாமாம்.

ஒப்பந்தத்தைத் திறந்து பார்த்தேன். எந்நேரமும், எந்தக் காரணமும் சொல்லாமல், முன்னறிவிப்பும் இல்லாமல் அவர்கள் நிறுத்தலாம். நான் நிறுத்துவதாக இருந்தால் மட்டும் இரண்டு வாரம் முன்னால் சொல்ல வேண்டும். கையெழுத்து என்னுடையதுதான். தேதியும் போட்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை வரை பிளேனோவிலேயே இருந்து அபார்ட்மென்டைக் காலி செய்தேன். முதல் மாத வாடகை 1,600; பாதியில் போவதற்காக அவர்கள் பிடித்துக்கொண்டது இன்னொரு 1,600. கார் நாலு வாரம் 620. டிக்கெட் 1,740. மொத்தம் 5,560. நான் வேலை பார்த்த 136 மணி நேரத்தில் பயணக் கணக்குக்குத் திரும்பி வந்தது 2,380. கையைக் கடித்தது 3,180 டாலர்.

என் அப்பா கோவில்பட்டிப் பக்கம் கல்யாணச் சமையல்காரர். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர். அச்சாரம் வாங்கும்போது நோட்டில் மூன்று வரி எழுதுவார். சமையல் கூலி இவ்வளவு. பாத்திர வாடகை இவ்வளவு. மூன்றாவது வரி எல்லாக் கல்யாணத்துக்கும் ஒரே வரிதான்: ‘போக வர வண்டிச் சத்தம் தனி.’ எங்கள் பக்கத்தில் சத்தம் என்றால் வண்டி வாடகை. வெளியூர் வாசகர்கள் ஹாரனை நினைத்துக்கொள்ள வேண்டாம்.

நான் ஒன்பதாவது படித்தபோது, சங்கரன்கோவில் பக்கம் ஒரு கல்யாணம் முதல் நாள் பொழுது சாய்கிற நேரத்தில் நின்றுபோனது. லீவு என்பதால் நானும் கூடப் போயிருந்தேன். அப்பா ஏழு ஆளோடும் அண்டா குண்டாக்களோடும் வேன் பிடித்து வந்து இறங்கி, அடுப்புக்குக் குழி வெட்டி, ஒரு மூட்டை வெங்காயமும் உரித்தாகிவிட்டது. நகையிலோ சீரிலோ தகராறு, மாப்பிள்ளை வீட்டார் கிளம்பிப் போய்விட்டார்கள். பெண்ணின் தாய்மாமன் அடுப்படிக்கு வந்து என்ன பேசுவது என்று தெரியாமல் நின்றார். அப்பாதான் முதலில் வாய் திறந்தார்.

“ஆக்காத சோத்துக்குக் கூலி வேண்டாம் அண்ணாச்சி. வந்த சத்தமும் போற சத்தமும் குடுங்க. பயலுகளுக்கு ஏதாச்சும் பாத்துச் செய்ங்க.”

அந்த மனிதர் துக்கத்திலும் வேன் காசை எண்ணிக் கொடுத்தார். பையன்களுக்கும் ஆளுக்குப் பத்து ரூபாய் கொடுத்தார். உரித்த வெங்காயத்தை எடுத்துப் போகச் சொல்லிவிட்டார்கள். அம்மா அந்த வாரம் முழுக்க வெங்காயக் குழம்பு வைத்தாள்.

பிளேனோவில் சூட்கேஸை மூடும்போது எனக்கு அந்தப் பேச்சுதான் ஞாபகம் வந்தது. ஆக்காத சோறு வேறு, வண்டிச் சத்தம் வேறு. மீதி எட்டு வாரம் மூன்று நாள் வேலைக்கு நான் கூலி கேட்கவில்லை. அது தனித்தொழிலின் ஏற்ற இறக்கம். அதைத் தாங்கத்தான் சம்பளக்காரர்களைவிட மணிக்குக் கொஞ்சம் கூட வாங்குகிறோம். ஆனால் அவர்கள் கூப்பிட்டார்கள் என்பதற்காக, அவர்கள் ஊருக்கு வர, அவர்கள் சொன்ன தேதிகளுக்கு நான் செலவழித்த பணம் என் லாப நஷ்டத்தில் சேராது. வரவழைத்தவர் கொடுக்க வேண்டிய காசு அது. ‘ஆல் இன்க்ளூசிவ்’ என்ற சொல் செய்கிற காரியம் இவை இரண்டையும் கலந்துவிடுவது. கலந்த பிறகு பால் எது, தண்ணீர் எது என்று யாராலும் பிரிக்க முடியாது.

சட்டம் ஒன்றும் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, ஆனால் ஒவ்வொன்றும் பக்கத்து வீட்டுக்காரருக்கு.

2001இல் டாட்-காம் சரிவின்போது சான்டா கிளாராவில் நாங்கள் நாலு பெண்கள் ஒரே அபார்ட்மென்டில் இருந்தோம். அதில் ஒருத்திக்கு வேலை போனது. எச்-1பி விசாவில் இருப்பவரைக் காலத்துக்கு முன்னால் வேலையை விட்டு அனுப்பினால், ஊர் திரும்பும் நியாயமான பயணச் செலவை முதலாளி கொடுக்க வேண்டும் என்று அமெரிக்கக் குடியேற்ற விதி சொல்கிறது. தானாக ராஜினாமா செய்தால் கிடையாது. குடும்பத்தாரின் டிக்கெட்டுக்கும் கிடையாது. அவள் கேட்டபோது கம்பெனியின் எச்.ஆர். பெண்மணிக்கு அப்படி ஒரு விதி இருப்பதே தெரியவில்லை. இவள் விதியை அச்செடுத்துக் கொண்டுபோய் மேஜையில் வைத்தாள். அடுத்த வாரம் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து சென்னைக்கு ஒருவழி டிக்கெட் வந்தது. வேலை போனவருக்கு அறுபது நாள் அவகாசம் என்று இப்போது எல்லாரும் பேசுகிறோமே, அது 2017இல் வந்தது. அவளுக்கு அந்த அவகாசம் கூட இல்லை, டிக்கெட் மட்டும்தான் இருந்தது. இன்றைக்கும் இந்த விதி பலருக்குத் தெரியாது. வேலை போன பதற்றத்தில் கேட்கத் தோன்றுவதும் இல்லை. கேட்காதவருக்கு யாரும் தேடி வந்து கொடுப்பதில்லை.

நமக்குத் தெரிந்த இன்னொரு கூட்டமும் இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் கோடைக்காலம் என்றால் பரதநாட்டிய அரங்கேற்றக் காலம். மிருதங்கக்காரர், வயலின்காரர், பாட்டுக்காரர் என்று சென்னையிலிருந்து ஒரு செட் வந்து இறங்கும். கலைஞர்களின் ஓ, பி விசாக்களில், வேலையைப் பாதியில் முடித்து அனுப்பினால் திரும்பும் செலவுக்கு அமர்த்தியவரும் விசாவுக்கு மனு போட்டவரும் சேர்ந்தே பொறுப்பு. ஆனால் இங்கே பெண்ணுக்கு அரங்கேற்றம் வைக்கும் எந்த அம்மாவும் சட்டத்துக்குப் பயந்து டிக்கெட் எடுத்துக் கொடுப்பதில்லை. மிருதங்கக்காரரிடம் போய் “சன்மானத்துக்குள்ளேயே டிக்கெட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று சொல்ல நம் நாக்கு எழாது. அதே அம்மா, வாரநாளில் ஒரு கம்பெனியின் மேனேஜராக உட்கார்ந்து, கான்ட்ராக்டருக்கு ‘ஆல் இன்க்ளூசிவ்’ என்று மெயில் அடிப்பார். நானே ஒருகாலத்தில் அடித்திருக்கிறேன்.

கலிஃபோர்னியாவில் தொழிலாளர் சட்டத்தின் 2802ஆம் பிரிவு நல்ல பிரிவு. வேலைக்காகத் தொழிலாளி செய்யும் அவசியமான செலவை முதலாளி திருப்பித் தர வேண்டும். ஆனால் அது ஊழியருக்கு. சொந்த எல்எல்சி பேரில் பில் அனுப்புகிறவள் அந்தப் படியில் ஏறுவது கஷ்டம். 2025 ஜனவரி 1 முதல் தனித்தொழில் செய்வோரைக் காக்க இங்கே ஒரு சட்டம் நடப்பில் இருக்கிறது. 250 டாலரோ அதற்கு மேலோ பெறும் வேலைக்கு எழுத்து ஒப்பந்தம் வேண்டும், தேதி குறிக்காவிட்டால் வேலை முடிந்த முப்பது நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது. அது எந்தெந்தத் தொழிலுக்கு என்ற பட்டியலை ஆசையாகப் படித்தேன். மொழிபெயர்ப்பாளர் உண்டு, புகைப்படக்காரர் உண்டு, கிராஃபிக் டிசைனர் உண்டு, எழுத்தாளர் உண்டு. மென்பொருள் வேலை அந்தப் பட்டியலில் இல்லை. சிலிக்கான் பள்ளத்தாக்கு இருக்கிற மாநிலத்தின் சட்டத்தில்! பட்டியலில் இருப்பவர்களுக்கும் அது ஒப்பந்தத்தில் எழுதிய பணத்துக்குத்தான் காவல். பாதியில் நிறுத்தினால் போட்ட டிக்கெட்டுக்கு யார் பொறுப்பு என்று அது பேசவில்லை.

சிறுவழக்கு மன்றம் இருக்கிறதே என்றார் என் வீட்டுக்காரர். வக்கீல் தேவையில்லை, வைக்கவும் கூடாது, நாமே பேசலாம். கலிஃபோர்னியாவில் தனிநபர் 12,500 டாலர் வரையும், என்னைப் போலக் கம்பெனி பேரில் போகிறவர் 6,250 வரையும் கேட்கலாம். என் தொகைக்குப் பதிவுக் கட்டணம் 50 டாலர்தான். ஆனால் பொதுவாக வெளிமாநிலக் கம்பெனியை இந்த மன்றத்துக்கு இழுக்க முடியாது. அதற்கு இங்கே பதிவோ பிரதிநிதியோ இருக்க வேண்டும். போதாக்குறைக்கு, தகராறு வந்தால் நியூ ஜெர்சியில்தான் தீர்க்க வேண்டும் என்று ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. அங்கே சிறுவழக்கின் உச்சவரம்பு 5,000 டாலர். என் 3,180 அதற்குள் அடங்கும். அடங்கி என்ன? நியூவார்க்குக்கு டிக்கெட், ரெண்டு ராத்திரி ஹோட்டல், வாய்தா தள்ளிப்போனால் மறுபடியும் அதே செலவு. பயணச் செலவை வசூலிக்கப் பயணச் செலவு.

நம் ஆட்களுக்கு இந்த வம்பு புதிதில்லை. இலங்கைத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் சேர்த்துப் போன காலத்தில், திருச்சிப் பக்கமிருந்து கிளம்பியவரின் ரயில் காசும் கப்பல் காசும் வழியில் தின்ற சோறும் அவர் பேரிலேயே கடனாக ஏறும். தேயிலைக் கொழுந்தைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே கடனாளி. வேறு தோட்டத்துக்குப் போக நினைத்தால் ‘துண்டு’ வேண்டும். இந்த ஆள் இவ்வளவு பாக்கி, அதைக் கட்டினால் விடுகிறோம் என்று துரை எழுதித் தரும் சீட்டு அது. 1921இல்தான் சட்டம் போட்டுத் துண்டை ஒழித்தார்கள். டொயோட்டா ஓட்டிக்கொண்டு காப்பி ஆறுவதற்குள் மெயில் பார்க்கிற நான் அவர்களோடு என்னை ஒப்பிட்டால் அந்தச் சனங்களுக்கு மரியாதைக் குறைவு. நான் பார்ப்பது கணக்கு எழுதும் முறையை மட்டும். வழிச்செலவு யார் பேரில் ஏறுகிறது என்பதில்தான் யார் யாருக்கு அடங்கி நடப்பது என்பது தீர்மானம் ஆகிறது.

அந்தக் கணக்கைத் தலைகீழாகத் திருப்பி எழுதிய சட்டம் இந்தியாவில் 1979இல் வந்தது. மாநிலம் விட்டு மாநிலம் போகும் தொழிலாளிக்குப் போகவும் வரவும் ஊரிலிருந்து வேலையிடம் வரையான கட்டணத்துக்குக் குறையாத பயணப்படியை ஒப்பந்தக்காரர் கொடுக்க வேண்டும் என்றது அது. பயணத்தில் கழியும் நாளுக்கும் வேலை செய்ததாகவே கூலி உண்டு என்றும் சொன்னது. செங்கல் சூளைக்காரருக்கும் கட்டட மேஸ்திரிக்கும் எழுதிய சட்டம். படித்தபோது, அப்பாவின் நோட்டை வாங்கிப் பார்த்து எழுதினார்களோ என்றிருந்தது. எந்தச் சூளையில் ஒழுங்காக அமலானது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கின்போது தொழிலாளிகள் நெடுஞ்சாலைகளில் மூட்டையோடு நடந்தார்களே, அதுதான் பதில்.

என் ஆடிட்டர் வேறொரு ஆறுதல் சொன்னார். “நஷ்டமான டிக்கெட்டெல்லாம் தொழில் செலவுதானே மேடம், வரியில கழிச்சுக்கலாம்.” கழிக்கலாம்தான். ஓராண்டுக்கு உட்பட்ட தற்காலிக வேலைக்காக வெளியூர் போனால் பயணமும் தங்குமிடமும் கழிவில் வரும். ஆனால் கழிவு என்பது வசூல் இல்லை. நூறு டாலர் நஷ்டப்பட்டவர் அந்த நூறுக்கு வரி கட்ட வேண்டியதில்லை, அவ்வளவுதான். மிச்ச எழுபதோ அறுபதோ போனது போனதுதான். நம் நண்பர்கள் வட்டத்தில் “ரைட்-ஆஃப் பண்ணிக்கலாம்” என்று சொல்லும்போது முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். யாரோ பணத்தைத் திருப்பித் தருகிற மாதிரி.

எதிர்த்தரப்பு நியாயமும் எனக்குத் தெரியும். நியூ ஜெர்சித் தம்பிக்கு மேலேயிருந்து ஒரு பைசா வரவில்லை. மாதக் கடைசியில் அவருக்கும் நாலு பேருக்குச் சம்பளம் போட வேண்டும். “பயணம் தனி” என்று கறாராக நின்றால் வெண்டர் அடுத்த ரெஸ்யூமேவைப் புரட்டுவார் என்பதும் நிஜம். என் பேரிலும் தப்பு உண்டு. 95 என்ற எண் எனக்குப் பிடித்திருந்தது. 78 என்று எழுதி, கீழே பயணம் தனி என்று போட்டால் சக தொழில்காரர்களிடம் சொல்லிக்கொள்ள ஒரு மாதிரி இருக்கும். பாதி பேர் இந்த வலையில் விழுவது இந்தப் பெருமையால்தான். எண் பெரிதாக இருக்கிறது, அதில் நம்முடையது எவ்வளவு என்று பார்ப்பதில்லை. கூடவே சோம்பல். மூன்று மாதத்துக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தால் ஒன்றுக்கு அறுபது டாலர் மிச்சம் என்று எடுத்தேன். மாதாமாதம் எடுத்திருந்தால் நஷ்டத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கும்.

ஆனாலும் ரசீதுகளையெல்லாம் ஒழுங்காக அடுக்கி, கணக்கை ஒரே பக்கத்தில் எழுதி, தம்பிக்கு அனுப்பினேன். மீதி வாரங்களுக்குக் கூலி கேட்கவில்லை என்பதை முதல் வரியிலேயே எழுதினேன். அபார்ட்மென்டை வேறு யாருக்காவது மாற்றிவிட முயன்றதையும், டிக்கெட்டை ரத்து செய்தால் பணம் திரும்புமா என்று கேட்டுப் பார்த்ததையும் எழுதினேன். நஷ்டத்தைக் குறைக்க நாம் என்ன செய்தோம் என்று எந்த மன்றமும் முதலில் கேட்கும். ஒரு வாரம் கழித்துப் போன்.

“அக்கா, நீங்க கேக்குறது நியாயம்தான். ஆனா பேப்பர்ல இல்லையே.”

“பேப்பர்ல இல்லாததாலதான் தம்பி கேக்கிறேன். இருந்தா பில் அனுப்பியிருப்பேன்.”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பின்னால் ஒரு குழந்தை ஹோம்வொர்க்குக்காக அழுவது கேட்டது. கடைசியில் 800 டாலர் அனுப்பினார். இனாம் மாதிரிதான். அவருக்கு அது சின்னத் தொகை இல்லை என்று எனக்குத் தெரியும். எனக்கு அது போதாது என்று அவருக்கும் தெரியும். சங்கரன்கோவில் தாய்மாமன் முழுச் சத்தத்தையும் எண்ணிக் கொடுத்தார். அவருடைய பெருந்தன்மை ஒரு பக்கம். நோட்டில் மூன்றாவது வரி இருந்தது என்பது இன்னொரு பக்கம். யாரும் யாரிடமும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை.

அதனால் இப்போது என் ஒப்பந்தத்தில் அந்த வரி இருக்கிறது. அச்சுப் பிசகாமல் சொல்கிறேன், வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம்: கிளையண்ட் மெயிலில் ஒப்புக்கொண்ட பயணத்துக்கும் தங்குவதற்கும் ஆன செலவு ரசீதுப்படி தனியாகத் தரப்படும், என் தவறு அல்லாத வேறெந்தக் காரணத்தால் வேலை முன்கூட்டியே நின்றாலும், ஏற்கெனவே கட்டி, திரும்பப் பெற முடியாத தொகை பதினைந்து நாளில் தரப்படும். இதைவிடக் கூட ஒரு வார்த்தை போட்டால் ஆபத்து. கோபத்தில் ‘பாதியில் நிறுத்தினால் பத்தாயிரம் டாலர்’ என்று எழுதினால், அது நஷ்டத்துக்கு ஈடாக இல்லாமல் அபராதமாகத் தெரியும். கலிஃபோர்னியா மன்றங்கள் அதைத் தள்ளிவிடக் கூடும். போட்ட காசு, ரசீதோடு. அதற்கு மேல் வேண்டாம். இதைவிடச் சுலபமான வழி, டிக்கெட்டையே அவர்களை எடுக்கச் சொல்வது. பெரிய கம்பெனிகள் பலவற்றில் டிராவல் டெஸ்க் இருக்கிறது. தன் கிரெடிட் கார்டில் போட்ட டிக்கெட் என்றால், பதினேழாவது நாளில் வேலையை நிறுத்துகிற மேனேஜருக்குக் கை கொஞ்சம் தயங்கும்.

சாக்ரமென்டோவில் சட்டம் எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தனித்தொழில் சட்டத்தின் பட்டியலில் மென்பொருள் வேலையைச் சேருங்கள். சேர்க்கும்போது, நிறுத்திய வேலைக்குப் போட்ட பயணச் செலவு என்று ஒரு வரியையும் எழுதுங்கள். எச்-1பிக்காரருக்கும் பரதநாட்டிய மிருதங்கக்காரருக்கும் வாஷிங்டன் எழுதிய வரிதான் இது. எடிசனிலும் ஃப்ரீமான்டிலும் இர்விங்கிலும் சின்ன வெண்டர் கம்பெனி நடத்தும் நம் தம்பிமாருக்கு இன்னொரு வார்த்தை. நீங்களும் மேலேயிருப்பவரிடம் இந்த வரியைக் கேளுங்கள். உங்கள் ஒப்பந்தத்தில் அது இல்லாததால்தான் நான் கேட்டபோது உங்கள் சட்டைப்பையைத் துழாவ வேண்டியிருந்தது.

அடுத்த வேலை ஹூஸ்டனில் வந்தது. வேறொரு வெண்டர், ஒரு பெண். மணிக்கு 78, பயணம் தனி என்று எழுதி அனுப்பினேன். மூன்று நாள் பதில் இல்லை. சரி, போய்விட்டது என்று நானும் விட்டுவிட்டேன். நாலாவது நாள் மெயில்: வாரத்துக்கு 700 டாலர் உச்சவரம்பு வைத்தால் சம்மதமாம். என் பிளேனோக் கணக்கிலும் வாரத்துக்கு 700தான் வந்தது. அதைச் சொல்லவில்லை, சம்மதம் என்று மட்டும் எழுதினேன். கணினியை மூடிவிட்டு வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், “உங்கப்பா ரேட்டுக்கு வந்துட்டே” என்றார்.

முதல் டிக்கெட்டை அவர்களுடைய டிராவல் டெஸ்க் எடுத்து அனுப்பிவிட்டது. திங்கட்கிழமை காலை ஆறே கால் விமானம். ஜன்னலோரம் இல்லை.